மூன்றாவது ஒட்டகத்தில் சம்பந்தியின் வடை

சிவமலருக்கு "ஏலாது" என்று சொல்ல வராது. அறுபது வயது தாண்டியும் வரவில்லை. மொன்றியல் தமிழர்களில் அரைவாசிப் பேருக்கு இது தெரியும். தெரிந்தவர்களில் ஒருவரும் அதைச் சும்மா விட்டதில்லை. ரொறொன்ரோவுக்குப் பஸ் ஏறினால் அவள் மடியில் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக் இருக்கும். கொழும்புக்குப் போனால் அவளுடைய உடுப்புகள் கைப்பையில், ஊராரின் சாமான்கள் பெட்டியில். கணவர் யோகேந்திரன் இருந்த காலத்தில், "ரிக்கற்றுக்குக் காசு நாங்கள் குடுக்கிறம், பறக்கிறது மற்றாக்களின்ர மிளகாய்த்தூள்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. சாமான்கள் மட்டும் நிற்கவில்லை.

நான் றோசலின். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரி. அவள் கொக்குவில். ஊரில் ஒருவரை ஒருவர் தெரியாது. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஷபனெல் தெருவிலிருந்த ஒரு தையல் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து மெசினில் உட்கார்ந்தோம். நான் சேட்டுக்குக் கை பொருத்துவேன், அவள் கொலர் பொருத்துவாள். அவள் கெதியாகத் தைப்பாள் என்பதைக் கண்டுபிடித்த மேற்பார்வைக்காரி மற்றவர்களின் கொலரையும் அள்ளிக்கொண்டு வந்து அவள் மேசையில் கொட்டுவாள். அவள் வாய் திறக்காமல் தைப்பாள். அவளுக்கும் சேர்த்து நான் வாய் திறப்பேன். அந்தத் தொழிற்சாலை மூடியபிறகு இருவரும் ஒரு முதியோர் இல்லத்துச் சமையற்கட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே கதை. வெங்காயம் உரிக்கப் பஞ்சிப்பட்ட எல்லோரும் வெங்காயத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டார்கள். அவள் கண்ணீர் வழிய உரித்துக்கொண்டிருப்பாள். "இது வெங்காயத்தாலதான்" என்பாள், நான் கேட்காமலே.

எங்கள் பங்குத் திருவிழாவுக்கு வருடா வருடம் றோல்ஸ் சுற்றித் தருவதும் அவள்தான். சைவசமயக்காரி, மாதா திருவிழாவுக்கு ஆட்டிறைச்சி றோல்ஸ் சுற்றுகிறாள் என்று பாதருக்கே பெருமை. அது வேறு விஷயம். அது எங்களுடைய சிநேகிதத்தில் வருவது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒட்டகம் எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். வேலைக்குப் போகும் மெத்ரோ நிலையத்தில், நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, மொறோக்கோவுக்கு வரச்சொல்லி ஒரு பெரிய விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். செம்மணல் மேடு, அதில் இரண்டு ஒட்டகம், மேலே நீல வானம். வெளியே மாசி மாதத்துப் பனி முழங்கால் மட்டத்துக்குக் கிடந்தது. சிவமலர் தினமும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ரெயில் வந்து மறைத்தால்தான் கண்ணை எடுப்பாள்.

"என்னடி, ஒட்டகத்தில அவ்வளவு ஆசையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வடிவாப் பார் றோசலின். அதுக்குள்ள ஒரு மனிசரும் இல்லை."

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்காத ஓர் இடம், அங்கே ஓர் இரவு. அந்த இரவை எப்படியாவது அவளுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே எனக்குள் ஒரு பிடிவாதம் பிடித்துவிட்டது. என்னுடைய பிடிவாதம் ஹென்றிக்குத் தெரியும், அவர் பாவம் என்னுடைய மனிசன். வீட்டில் சொன்னபோது, "எத்தினை நாளைக்கு நான் சமைக்கவேணும்?" என்று மட்டும் கேட்டார்.

பங்குனியில் இருவரும் வேலையை விட்டோம். வீட்டில் உட்கார்ந்து ஒரு கிழமை ஆகவில்லை, சிவமலரின் மகன் மதுஷன் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் மனைவி சாருஜாவுக்கும் பத்து மாதத்தில் ஒரு ஆண்குழந்தை. சாருஜா புரட்டாதியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். கியூபெக்கில் குழந்தைகளைப் பகலில் விடும் கார்டெரியில் இடம் கிடைப்பது லேசில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இவர்களுக்கு அதிர்ஷ்டம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் வந்திருந்தது. வைகாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

"அம்மா இப்ப வீட்டில சும்மாதானே இருக்கிறியள்," என்றான் மதுஷன். "பிறகேன் கார்டெரி? பிள்ளை உங்களோட நிண்டால் தமிழும் கதைப்பான்."

"யோசிச்சுச் சொல்லுறன் தம்பி," என்றாள் இவள். அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தநாள் என் வீட்டில் வந்திருந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டாள். "பேரனில எனக்கு உயிர். ஆனா றோசலின், முப்பது வருசம் விடிய அஞ்சு மணி பஸ். இனியும் இஞ்ச கார்ட்டியர்வில்லில இருந்து ரெண்டு பஸ் மாறி டொலார்ட். பின்னேரம் திரும்பி ரெண்டு பஸ். பனிக்காலத்திலையும். எனக்கு ஏலாதடி."

"இதை என்னட்டைச் சொல்லி என்ன? அவனட்டைச் சொல்லு."

"பெத்த பிள்ளை கேக்கிறான். எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே ரிக்கற் போட்டேன். மொன்றியலிலிருந்து நேரே கசபிளாங்கா. மூன்று நாள் மொறோக்கோ, அதில் ஓர் இரவு பாலைவனத்தில். பிறகு பரிஸில் என் தங்கச்சி நிரஞ்சனி வீடு. அங்கிருந்து திரும்பி வருவது. ஒட்டகத்தில் இருந்து மகனுக்கு "ஏலாது" என்று சொல்லிவிட்டுத்தான் இவளை இறங்கவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

முடி நரைத்த இரண்டு பொம்பிளைகள் ஒட்டகச் சவாரிக்குப் போகிறார்கள் என்று சொன்னால் எங்களுடைய சனம் என்ன சொல்லும்? "இந்த வயதில இதென்ன கூத்து" என்று தொடங்கி, "பிள்ளை பாக்க நேரமில்லை, ஒட்டகம் பாக்க நேரமிருக்கு" என்று முடிக்கும். எங்கள் ஆட்கள் பயணம் போவதென்றால் கல்யாணம், செத்தவீடு, கோயில், பிள்ளைப்பேறு, இந்த நாலில் ஒன்றுக்குத்தான் போக வேண்டும். ஆகவே மொறோக்கோவை மறைத்துவிட்டு, பரிஸுக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னோம். முழுப்பொய்யும் இல்லைத்தானே.

நாங்கள் விட்ட மடைத்தனம் அதுதான். மொறோக்கோ என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் ஒருவரும் ஒரு கடுகுகூடத் தந்துவிட்டிருக்க மாட்டார்கள். மொறோக்கோவில் யாருக்கு யார் இருக்கிறார்கள்? பரிஸ் என்றால் அப்படியில்லை. பரிஸில் அண்ணன் தம்பி இல்லாத யாழ்ப்பாணத்தானை நான் இதுவரை காணவில்லை. சாருஜா டொலார்ட் முருகன் கோயிலில் "மாமி பரிஸ் போறா" என்று ஒரு ஆளிடம் சொன்னாள். பூசை முடிந்து பிரசாதம் கைக்கு வருமுன்னமே செய்தி வாசல் தாண்டிவிட்டது.

சாருஜாவின் தாய் சிவாஜினி, அதாவது சிவமலரின் சம்பந்தி, பரிஸிலிருக்கும் தம்பிக்குப் பருத்தித்துறை வடை சுட்டு ஒரு பெரிய பிளாஸ்ரிக் டப்பா நிறையக் கொண்டுவந்தாள். சஜிதா என்கிற பிள்ளை, அங்கே குழந்தை பெற்றிருக்கும் தமக்கையின் பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் இடித்துக்கொண்டு வந்தாள். கிறகரி அண்ணை நாலு தகரம் மேபிள் மரத்து இனிப்புப் பாணி. யாரோ ஒருத்தி கல்யாணச் சட்டை ஒன்று. இன்னொருத்தி இடியப்ப உரல், அதுவும் பித்தளையில். சிவமலர் எல்லாவற்றையும் கும்பிடாத குறையாக வாங்கி வைத்தாள்.

"பரிஸில லாச்சப்பலில கிடைக்காத இடியப்ப உரலோ?" என்று நான் துள்ளினேன். "அங்க தமிழ்க்கடையைத் தவிர வேறை கடையே இல்லையடி!"

"நம்பித் தந்திட்டுதுகள், றோசலின்."

அந்த "நம்பித் தந்திட்டுதுகள்" பாலைவனம் வரைக்கும் எங்களோடு வந்தது.

கசபிளாங்காவிலிருந்து ஒரு முழுநாள் பயணம் போய்ப் பாலைவனத்தின் கரையில் ஒரு சின்ன விடுதியில் இறங்கினோம். விடுதிக்குப் பின்கதவைத் திறந்தால் மணல். மறுநாள் பின்னேரம் எங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தவன் பெயர் இடிர். முப்பது வயது இருக்கும். நீல அங்கி, நல்ல பல். நான் கியூபெக் பிரெஞ்சில் வெளுத்துக் கட்டியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு எங்கள் இருவருக்கும் தலையில் நீலத்துணி சுற்றிவிட்டு, பெரிய பெட்டியை விடுதியில் விட்டுவிட்டு ஒரு சின்னப் பையோடு வரச்சொன்னான்.

சிவமலர் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். "ஆக்களின்ர சாமான். தெரியாத இடத்தில எப்பிடி விட்டிட்டுப் போறது?"

"பூட்டிருக்குத்தானே!"

"பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால் பூட்டு என்ன செய்யும்?"

நான் கத்தினேன். இடிர் சமாதானம் சொன்னான். விடுதிக்காரர் தன் தாயின் பெயரில் சத்தியம் பண்ணினார். அவளிடம் ஒன்றும் எடுபடவில்லை. ஊருக்கெல்லாம் வளைந்து கொடுப்பவள் ஊராரின் வடைக்காக இரும்பாய் நின்றாள். கடைசியில் இடிர் தலையைச் சொறிந்துகொண்டு போய் இன்னொரு ஒட்டகத்தைக் கொண்டுவந்தான். முதலாவதில் நான், இரண்டாவதில் சிவமலர், மூன்றாவதில் பெட்டி. எங்களுக்குக்கூட அவன் அவ்வளவு கயிறு போட்டுக் கட்டவில்லை.

ஒட்டகம் எழும்பும்போது முதலில் பின்னங்கால்தான் எழும்பும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அப்படியே முன்னுக்குக் கவிழ்ந்து, ஒட்டகத்தின் கழுத்தில் முகம் குத்த, "மாதாவே!" என்று நான் போட்ட சத்தம் விடுதிக்குள் கேட்டிருக்கும். சிவமலரின் ஒட்டகம் எழும்பியபோது அவள் ஒரு சத்தமும் போடவில்லை. முன்னுக்குப் போனாள், பின்னுக்குப் போனாள், நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோலத் தலைத்துணியைச் சரிசெய்தாள். பிறகு சிரித்தாள். முப்பது வருடப் பழக்கத்தில் அவள் அப்படிப் பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒட்டகம் நாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மணலில் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது ஒட்டகத்தின் மேல் இடியப்ப உரல் மேபிள் தகரத்தில் முட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தது.

அன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. மொன்றியலில் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் மதுஷன் கார்டெரிக்குப் பதில் சொல்ல வேண்டும். இவள் இன்னும் வாய் திறக்கவில்லை. நான் ஒட்டகத்தில் இருந்தபடியே பாடம் நடத்தத் தொடங்கினேன்.

"இப்ப சொல்லிப் பழகு. ஏலாது."

"ஏலாது," என்றாள் மெல்ல.

"ஒட்டகத்துக்கே கேக்கேல்லை. பலத்துச் சொல்லு!"

"ஏலாது!"

"இன்னும்!"

"ஏலாது! ஏலாது!"

முன்னால் கயிறு பிடித்து நடந்துகொண்டிருந்த இடிர் திரும்பிப் பார்த்தான். இது ஏதோ எங்களுடைய நாட்டுப் பயணப் பாட்டு என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. அவனும் கையை உயர்த்தி மணல்மேட்டைப் பார்த்து, "ஏலாது!" என்று கூவினான். நாங்கள் இருவரும் ஒட்டகத்திலிருந்து விழாத குறை. அதற்குப் பிறகு மேடு ஏறும்போதெல்லாம் அவன்தான் தொடங்கி வைத்தான்.

கூடாரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் உயர்ந்த மேட்டில் ஒட்டகங்களை இருத்தி, சூரியன் படுவதைப் பார்க்கச் சொன்னான். கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பதும் அந்த ஓரிடத்தில்தான் என்றான். அவன் சொல்லி வாய் மூடவில்லை, சிவமலரின் கைபேசி அடித்தது. மதுஷன், வீடியோவில்.

"எடுக்காதை, சத்தத்தில மட்டும் கதை," என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பதற்றத்தில் பச்சையை அமத்திவிட்டாள். நான் பெரிதாகப் பயப்படவில்லை. எங்களுடைய வயதுக்காரர் வீடியோவில் கதைத்தால் நெற்றியும் கொஞ்சம் முகடும்தான் தெரியும். அவளும் கைபேசியை முகத்தோடு ஒட்டப் பிடித்திருந்தாள்.

"அம்மா, என்ன தலையில நீலமா?" மதுஷன் லொங்குய்யிலுள்ள தன் வேலைக் கந்தோரில் இருந்தான். பின்னால் ஆட்கள் நடப்பது தெரிந்தது.

"குளிர் தம்பி. பரிஸில சரியான குளிர்."

"சரி, நான் கெதியாச் சொல்லுறன். கார்டெரிக்கு இண்டைக்குப் பதில் சொல்லவேணும். வேண்டாம் எண்டு எழுதிப்போடுறன், என்ன? நீங்கள் பாப்பியள்தானே?"

அப்போதுதான் மூன்றாவது ஒட்டகம், பெட்டி சுமந்த அலுப்போ என்னவோ, கழுத்தை நீட்டி அவள் தோளுக்கு மேலால் கைபேசியைப் பார்த்தது. உதட்டை ஒரு பக்கம் கோணி, நிதானமாக அசை போட்டது.

மதுஷன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தான். "அம்மா. உங்களுக்குப் பின்னால ஒட்டகம் நிக்குது."

சிவமலர் திரும்பி ஒட்டகத்தைப் பார்த்தாள். ஒட்டகம் அவளைப் பார்த்தது. பொய் சொல்ல அவளுக்கு வழி ஏராளம் இருந்தது. லாச்சப்பலில் சர்க்கஸ் என்றிருக்கலாம். நான்கூட வாயைத் திறந்தேன்.

"ஓம் தம்பி," என்றாள் அவள். "ஒட்டகம்தான். நான் மொறோக்கோவில நிக்கிறன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் ஏன், எதுக்கு எண்டு கேப்பியள். எனக்கு ஏறவேணும்போல இருந்தது, ஏறினன். நல்லாயிருக்கு."

"அம்மா..."

"பொறு, நான் சொல்லி முடிக்கிறன். பிள்ளையை முழுநாளும் பாக்க எனக்கு ஏலாது. அவனில எனக்கு உயிர், அது உனக்குத் தெரியும். சனி ஞாயிறிலை கொண்டுவந்து விடு, தலையில தூக்கி வைச்சுப் பாக்கிறன். ஒவ்வொருநாளும் ஏலாது. நான் களைச்சுப்போனன், தம்பி. கார்டெரிக்கு ஓம் எண்டு எழுது."

மதுஷனின் முகம் அப்படியே நின்றது. பிறகு திரை கறுத்துவிட்டது. சிக்னல் போனதா, அவன் வைத்தானா என்று தெரியவில்லை. திரும்ப எடுத்தோம், போகவில்லை. இருட்டப் போகிறது என்று இடிர் அவசரப்படுத்தினான்.

சூரியன் எப்போது பட்டதென்று நாங்கள் கவனிக்கவே இல்லை.

கூடாரத்தில் மண்சட்டியில் அவித்த இறைச்சியும் மரக்கறியும் தந்தார்கள். உப்புக்கும் குறைவு, உறைப்பென்ற பேச்சே இல்லை. சிவமலர் கை வைக்கவில்லை. கம்பளத்தில் காலை நீட்டி இருந்துகொண்டு அழுதாள். இந்தமுறை வெங்காயத்தின்மேல் பழி போடவில்லை. "அவன் வைச்சிட்டான் றோசலின். இனி என்னோட கதைக்க மாட்டான். பேரனைக் கண்ணில காட்ட மாட்டான். உன்ர கதையைக் கேட்டு நான் வாயைத் திறந்தனே." அவளை உசுப்பிவிட்டவள் நான்தான். எனக்கும் பயம்தான். மதுஷன் நல்ல பிள்ளை, ஆனால் தகப்பனைப்போல உடனே முகம் சுருங்கிவிடும்.

கொஞ்ச நேரம் அழுதவள் மூக்கைத் துடைத்தாள். சட்டியைத் திறந்து பார்த்தாள். ஒரு துண்டு இறைச்சியை வாயில் போட்டு மென்றாள். அவள் முகத்தில் அழுகை போய் வேறொன்று வந்தது.

"இதென்னடி, ஆசுப்பத்திரிச் சாப்பாடு மாதிரி," என்றாள். எழும்பிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். சம்பந்தியின் டப்பாவை வெளியே எடுத்தாள். சிவாஜினி நாடா ஒட்டிச் சுற்றியிருந்த ஒவ்வொரு சுற்றையும் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எடியேய், நம்பித் தந்த சாமான்!" என்றேன் நான்.

"சம்பந்திக்கு நான் சொல்லிக்கொள்ளுறன். நீ தின்."

சிவாஜினியைப் பற்றி நான் ஆயிரம் சொல்வேன், ஆனால் வடை சுடத் தெரிந்தவள். கறுமுறு என்று இருந்தது. இடிருக்குக் கொடுத்தோம். அவன் ஒன்று கடித்துவிட்டு மூக்கும் கண்ணும் ஒழுக இன்னொன்றுக்குக் கை நீட்டினான். சமையற்காரன் வந்தான். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரத் தம்பதிகள் சத்தம் கேட்டு வந்தார்கள். டப்பாவின் அடி தெரிந்தது. கிறகரி அண்ணையின் மேபிள் பாணியில் ஒரு தகரத்தை உடைத்து, அவர்களுடைய ரொட்டிக்கு ஊற்றித் தின்றோம். உற்சாகத்தில் நான் சரக்குத்தூள் பொட்டலத்தையும் எடுத்தேன். சிவமலர் என் கையில் ஒன்று போட்டாள்.

"அதிலை கை வைக்காதை. அது பிள்ளை பெத்தவளின்ரை."

அழுதுவிட்டுத் தின்றதால் அவள் படுத்தவுடனேயே நித்திரை. எனக்குத்தான் நித்திரை வரவில்லை. இவளுடைய ஒரு இரவை நான் வாங்கிக் கொடுத்தேனா, இவளுடைய மகனைப் பறித்துவிட்டேனா என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

விடிந்ததும் சிவமலர் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை. வெறுங்காலோடு அந்த மேட்டில் ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். உச்சியில் கைபேசி ஒருமுறை கிணுங்கியது. மதுஷனின் குரலில் ஒரு செய்தி வந்திருந்தது.

"அம்மா, உங்கட சிக்னல் போட்டுது. பிறகு எத்தினை தரம் எடுத்தன், கிடைக்கேல்லை. கார்டெரிக்கு ஓம் எண்டு எழுதிட்டன். சாருஜா முதலே சொன்னவ, மாமியை வடிவாக் கேளுங்கோ எண்டு. நான்தான் கேக்கேல்லை. ஆனா அடுத்தமுறை சொல்லிப்போட்டுப் போங்கோ. ஒட்டகத்தால விழுந்தால் நான் பரிஸிலையெல்லோ தேடியிருப்பன்." பிறகு பேரனின் குரல், அர்த்தமில்லாத ஒரு கத்தல். பின்னால் சாருஜா, "ஒட்டகம் எண்டு சொல்லு, ஒட்டகம்," என்று சொல்லிக் கொடுப்பதும் கேட்டது.

சிவமலர் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள். மணலில் இருந்துகொண்டு, யாரும் இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்கும் வாயை மூடத் தெரியும், அதற்கு ஒரு பாலைவனம் தேவைப்பட்டது.

திரும்பி விடுதிக்கு வந்து ஒட்டகத்தால் இறங்கியதும் இடிர் உள்ளே ஓடினான். ஒரு துணிப்பொட்டலத்தோடு வெளியே வந்தான். சிவமலருக்கு முன்னால் நின்று பணிவாகச் சொன்னான். தன் அக்கா மொன்றியலில் ஜோன்-தலோன் தெருவில் இருக்கிறாள். வீட்டு மரத்துப் பேரீச்சம்பழம், கொஞ்சம்தான். அம்மா கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா?

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பாலைவனத்துக்கு வந்தும் பார்சல்!

சிவமலர் என்னைப் பார்த்தாள். இடிரைப் பார்த்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, "ஏலாது," என்றாள்.

இடிருக்கு அந்தச் சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்தான். "பரவாயில்லை அம்மா," என்று சொல்லிவிட்டுப் பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டான். முகம் சுருங்கவில்லை, கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. விசிலடித்துக்கொண்டு போனான்.

சிவமலர் அவன் போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ்வளவுதானோ?" என்றாள். "வேறை ஒண்டும் நடக்காதோ?"

"வேறை என்ன நடக்கவேணும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கையைத் தட்டி, "இடிர்!" என்று கூப்பிட்டாள். "கொண்டா அதை. நான் கொண்டுபோறன்."

"பைத்தியமோடி உனக்கு?" என்று நான் சீறினேன்.

"இது எனக்குக் கொண்டுபோக விருப்பம்," என்றாள். வடை போன இடத்தில் பேரீச்சம்பழம் அளவாகப் பொருந்தியது.

பரிஸில் சம்பந்தியின் தம்பியிடம் மூடி மறைக்காமல் சொன்னாள். "தம்பி, உங்கட வடையை நாங்கள் திண்டிட்டம். நல்லாயிருந்தது." அவர், "நல்லதாப்போச்சு, எனக்குக் கொலஸ்ரோல்," என்றார். இடியப்ப உரலை வாங்கிய வீட்டில் ஏற்கெனவே மூன்று உரல் இருந்தது. சரக்குத்தூள் மட்டும் பிள்ளைபெற்றவளின் கையில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் மொன்றியல் திரும்புமுன்னே ஒட்டகக் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் இரண்டு பேர் என்னிடம் வந்து இரகசியமாக, எந்த விமானத்தில் போனீர்கள் என்று கேட்டார்கள்.

சனி ஞாயிறுகளில் பேரன் அவளிடம் வருகிறான். அவனுக்கு முதலில் வந்த சொற்களில் ஒன்று "ஒட்டம்". அதை என்னைப் பார்த்துத்தான் சொல்கிறான், நான் அதை மரியாதையாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆவணி வந்தது. பங்குத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான் வழக்கம்போல இறைச்சியும் வாங்கிக்கொண்டு சிவமலரின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் பையைப் பார்த்தாள்.

"றோல்ஸோ?" என்றாள்.

"வேறென்ன? போன வருசம் சனத்துக்குக் காணாமல் போட்டுது. இந்த முறை கொஞ்சம் கூடச் சுத்துவம்."

"ஏலாது, றோசலின்."

நான் பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "திருவிழாச் சனிக்கிழமை இடிரின்ர அக்கா வீட்டை சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறா. போறன் எண்டு சொல்லிட்டன். முதல்நாள் வெள்ளிக்கிழமை எனக்கு ஓய்வு வேணும்."

"என்னட்டையோ சொல்லுறாய்? நான்தானேடி உனக்கு ஏலாது எண்டு சொல்லப் பழக்கினது!"

"ஓம்," என்றாள் சிவமலர். "நல்லாப் பழக்கினனீ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணி குடிக்காமலே இறைச்சிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து ஹென்றியிடம் பொரிந்து தள்ளினேன். முப்பது வருடச் சிநேகிதம், யாரோ ஜோன்-தலோன் தெருக்காரி நேற்று வந்தவள், நான் ஒட்டகத்தில் முகம் குத்தி இவளுக்காகப் பாடுபட்டது எல்லாம் வீணாகப் போயிற்று என்றேன். ஹென்றி பேப்பரைக் கீழே வைக்காமல், "வீணாப் போகேல்லைப் போல கிடக்குது," என்றார். அன்றைக்கு அவருக்கும் தேத்தண்ணி இல்லை.

திருவிழாவுக்குக் கடையில் றோல்ஸ் வாங்கி வைத்தேன். பூசை முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது, வாசலில் சிவமலர் வந்தாள். இடிரின் அக்கா வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள், கையில் எங்களுக்கென்று ஒரு பெட்டி பேரீச்சம்பழம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் என்னருகில் வந்து நின்று, தட்டிலிருந்து ஒரு றோல்ஸை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"மிளகு காணாது," என்றாள்.

"அப்ப நீ சுத்தியிருக்கலாமே!" என்றேன்.

"ஏலாது," என்று சொல்லிவிட்டு, கடித்த மிச்சத்தை என் வாயில் வைத்தாள். எனக்கு மிளகு எல்லாம் தெரியவில்லை. சிரித்ததில் புரையேறி, பாதர் தண்ணீர் கொண்டுவந்து தரவேண்டியதாகிவிட்டது.